அத்தியாயம் 9: வெட்ட வெட்ட வளரும் புண்

மூட்டு மாற்று அறுவை முடிந்து வீட்டுக்கு வந்து ஒன்பதாம் நாள் என்று வைத்துக்கொள்வோம். ஆயாவுக்கு அறுபத்திரண்டு வயது. முப்பது வருஷம் தலையில் மீன் கூடை சுமந்து, பழவேற்காடு கடைத்தெருவில் குத்துக்காலிட்டு விற்றே முட்டி தேய்ந்துபோனது. இப்போது வாக்கரைப் பிடித்து வாசல் வரை நடக்கிறார். அன்று காலை கட்டு மாற்றும்போது மருமகள் கண்ணில் தையல் ஓரமாக ஒரு சின்னக் கொப்புளம் படுகிறது. கொசு கடித்த அளவுதான். மறுநாள் அதன் பக்கத்தில் மூன்று. நான்காம் நாள் எல்லாம் உடைந்து ஒன்று சேர்ந்து, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் புண். ஆயா ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. “நெருப்பு வெச்ச மாதிரி எரியுதும்மா” என்கிறார்.

ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். சீழ் பிடித்திருக்கிறது என்று ஆன்டிபயாட்டிக் ஊசி போடுகிறார்கள், தியேட்டருக்குள் கொண்டுபோய் அழுகிய சதையை வெட்டிச் சுத்தம் செய்கிறார்கள். இரண்டு நாளில் புண் இரட்டிப்பாகிறது. மருந்தை மாற்றி மறுபடி வெட்டுகிறார்கள். மறுபடி பெருக்கிறது.

சீழும் புண்ணும் வந்தால் அது பெரும்பாலும் கிருமித் தொற்றுதான். போன அத்தியாயம் முழுக்க அதைப் பற்றியதுதான். ஆனால் அபூர்வமாக ஒரு நோய் உண்டு. பார்வைக்கு அச்சு அசலாகத் தொற்று போலவே இருக்கும். அதில் கிருமி இருக்காது. கத்தி பட்டால் வளரும். அந்த நோயை இந்த நூலில் சேர்ப்பதா விடுவதா என்று நெடுநாள் யோசித்தேன். பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு 3 முதல் 10 பேருக்கு வருகிற ஒன்றைச் சொல்லி ஊரையே பயமுறுத்த வேண்டுமா? ஆனாலும் சேர்த்தேன். நோய் தெரியாமல் வெட்டிக்கொண்டே போய், கடைசியில் காலையே எடுத்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. யாராவது ஒருவர் நல்ல நேரத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தால் சில கால்கள் பிழைத்திருக்கும். அந்தக் கேள்வியைக் கேட்க வசதியான இடத்தில் இருப்பவர் தினம் கட்டுப் பிரித்துப் பார்க்கும் வீட்டுக்காரர்.

பெயரும் அதன் பிழையும்

நோயின் பெயர் பயோடெர்மா கேங்ரினோசம். டாக்டர்கள் சுருக்கமாக பி.ஜி. என்பார்கள். பிரான்சின் தோல் மருத்துவர் லூயி புரோக் 1916இல் இதை விவரித்தார். 1930இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் புருன்ஸ்டிங், கோக்கர்மன், ஓலியரி என்ற மூன்று மருத்துவர்கள் ஐந்து நோயாளிகளைப் பார்த்து இந்தப் பெயரை வைத்தார்கள். கிருமிதான் காரணம் என்று அவர்கள் நம்பினார்கள். பெயரிலேயே ‘சீழ்த்தோல்’ என்றும் ‘அழுகல்’ என்றும் பொருள் இருக்கிறது. இரண்டுமே தவறு என்று பிறகு தெரிந்தது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அதனால் உங்கள் கையில் கொடுக்கும் சீட்டில் இந்தப் பெயரைப் பார்த்ததும் கால் அழுகிவிட்டது என்று இடிந்துபோக வேண்டாம்.

உள்ளே நடப்பது இதுதான். கிருமியைத் தின்ன வேண்டிய நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் கிருமியே இல்லாத இடத்தில் திரண்டு தோலைத் தின்கின்றன. தோலில் எங்கே அடிபட்டாலும் அங்கே ஓடுகின்றன. கத்தி, தையல் ஊசி, ஸ்டேப்ளர், ஊசி குத்திய இடம் எல்லாமே அவற்றுக்கு அழைப்பு. புண்ணைச் சுத்தம் செய்ய வெட்டுவது இன்னோர் அழைப்பு. ஆன்டிபயாட்டிக்கால் கிருமியைக் கொல்ல முடியும், நம் வெள்ளையணுக்களின் கோபத்தைத் தணிக்க முடியாது.

நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உடலில் வேறொரு நோய் கூடவே இருக்கிறது. குடல் அழற்சி நோய்கள், முடக்குவாதம், சில ரத்த நோய்கள். 1930இல் பார்த்த அந்த ஐந்து பேரில் நால்வருக்குப் பெருங்குடலில் புண் இருந்தது. முடக்குவாதத்தால் மூட்டு கெட்டு, அதற்காக மூட்டு மாற்றிக்கொண்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நாள்பட்ட வயிற்றுப்போக்கு, மலத்தில் ரத்தம் போன்றவற்றை மூட்டு டாக்டரிடம் எதற்குச் சொல்வது என்று விட்டுவிடாதீர்கள்.

ஓரத்தைப் பாருங்கள்

புண்ணின் நடுவைவிட ஓரம்தான் அதிகம் பேசும். வீட்டில் கட்டு மாற்றும்போது ஜன்னல் பக்கம் காலை நீட்டச் சொல்லி நிதானமாகப் பாருங்கள். இந்த நோயில் ஓரம் நாவற்பழத் தோல் போல ஊதாவும் கருநீலமும் கலந்திருக்கும். அதற்கு வெளியே ஒரு சிவப்பு வளையம். முகத்துவாரத்தில் அலை அடியை அரித்துவிட்ட மணல் கரையைப் பார்த்திருப்பீர்கள். மேலே கரை நிற்கும், அடியில் ஒன்றும் இருக்காது, கால் வைத்தால் சரியும். இந்தப் புண்ணின் ஓரமும் அப்படித்தான். தோல் விளிம்பு நிற்கும், அடியில் குடைந்திருக்கும். அடுத்த நாள் அந்த விளிம்பு உடைந்து புண் ஒரு சுற்று அகலமாகும்.

வலி இரண்டாவது அடையாளம். புண் சிறியது, வலி பெரியது. துணி உரசினாலே ஆள் துடிப்பார்.

மூன்றாவது, காலம். அறுவை முடிந்த சில நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் தொடங்கும். சில சமயம் இன்னும் தாமதமாகவும் வரும். கையில் குளுக்கோஸ் ஏற்றிய ஊசி இடத்திலோ ஸ்டேப்ளர் குத்திய துளைகளிலோ அதே போன்ற கொப்புளம் வந்தால் அது மிக முக்கியமான செய்தி. டாக்டர் காலை மட்டும்தான் பார்ப்பார். கையைக் காட்ட வேண்டியது நீங்கள்.

காய்ச்சல் இருக்கிறதா என்பது இங்கே தீர்ப்புச் சொல்லாது. இந்த நோயிலும் காய்ச்சல் வரும், ரத்தத்தில் வெள்ளையணுவும் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யும் ஏறும். புண்ணில் எடுத்த சீழ்ப் பரிசோதனையில் கிருமி வளராமல் போவது ஒரு துப்பு. ஆனால் திறந்த புண்ணில் வெளியிலிருந்து கிருமி வந்து தங்கவும் செய்யும், ஆகவே கிருமி வளர்ந்தது என்பதற்காக இந்த நோய் இல்லை என்றும் ஆகிவிடாது. மூட்டுக்குள் இருக்கும் நீரை மருத்துவர் ஊசியால் எடுத்துச் சோதிப்பது நிறைய தெளிவு தரும். புண்ணின் ஓரத்திலிருந்து ஒரு துணுக்குத் தோல் எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். குத்தினால் வளரும் நோயில் துணுக்கு எடுக்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். எடுக்கத்தான் வேண்டும். காசநோய், புற்று, ரத்தநாள அழற்சி எதுவும் இல்லை என்று உறுதிசெய்ய வேறு வழியில்லை.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. 2002இல் வெளிவந்த மேயோ கிளினிக் ஆய்வு ஒன்றில், இந்த நோய் என்று முத்திரை குத்தப்பட்டவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இருந்தது வேறு நோய். அதனால்தான் அத்தியாயத்தைப் படித்துவிட்டு நீங்களே பெயர் சூட்டிக்கொள்ளக் கூடாது என்று வற்புறுத்துகிறேன். உங்கள் வேலை சந்தேகத்தைக் கேள்வியாக்கி டாக்டரிடம் கொண்டுசேர்ப்பது.

பிளாஸ்திரி ஒட்டிய இடத்தில் மட்டும், அதே சதுர வடிவில், அரிப்போடு தடிப்பு வந்திருந்தால் அது பெரும்பாலும் பிளாஸ்திரியோ மருந்தோ ஒத்துக்கொள்ளாததுதான். எரிவதைவிட அரிக்கும். பயப்பட ஒன்றுமில்லை, காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

ஏரித் தண்ணீர் பட்ட காயம் வேறு

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். பழவேற்காடு ஏரி உப்பும் நன்னீரும் கலந்த வெதுவெதுப்பான நீர். இப்படிப்பட்ட நீரில் விப்ரியோ வகைக் கிருமிகள் இயல்பாக வாழும். நண்டுக் கொடுக்கோ இறால் முள்ளோ குத்திய இடத்தில், ஆறாத தையலில் அவை நுழைந்தால் பாதிப்பு மணிக்கணக்கில் பரவும். சர்க்கரை நோயாளிகளுக்கும் குடியால் ஈரல் கெட்டவர்களுக்கும் உயிராபத்து.

காலையில் சிவப்பு, மத்தியானம் வீக்கம் தொடை வரை, சாயங்காலம் ரத்தம் கலந்த நீர்க்கொப்புளம், ஆள் குளிர்ந்து குழறுகிறார் என்றால் தோல் டாக்டரா மூட்டு டாக்டரா என்று யோசிக்க நேரமில்லை. 108க்கு அழையுங்கள். அங்கே உடனே வெட்டுவதும் ஆன்டிபயாட்டிக்கும்தான் உயிரைக் காக்கும். பி.ஜி. வளர்வது பெரும்பாலும் நாள்கணக்கில். விப்ரியோ ஓடுவது மணிக்கணக்கில். இரண்டில் எது என்று புரியவில்லை என்றால் மோசமானதாகவே எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

ஆகையால் தையல் முழுக்க ஆறும் வரை ஏரியில் இறங்கக் கூடாது. இறால் தடவும் வேலை, நண்டு பிரிக்கும் வேலை, வலை அலசும் வேலை எதுவும் வேண்டாம். கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று தெரிந்துதான் சொல்கிறேன். படகேறித்தான் கரை சேர வேண்டிய குப்பமாக இருந்தால், ஏறும் முன் முழங்காலைச் சுற்றிப் பிளாஸ்டிக் உறை கட்டி, மேலும் கீழும் ஒட்டிவிடுங்கள். இறங்கியதும் கழற்றிவிடுங்கள், உள்ளே வியர்வை தேங்கக் கூடாது.

காயக் கணக்கு

எந்த நாள் எந்த இடத்தில் வலை போடுவது யாருடைய பாடு என்று உங்கள் குப்பங்களில் தலைமுறை தலைமுறையாகக் கணக்கு வைத்திருக்கிறீர்கள். சீட்டு விழுந்த முறையை யாரும் மறப்பதில்லை. காயத்துக்கும் அதே கண்டிப்போடு ஒரு கணக்கு வேண்டும். தினம் ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சத்தில், புண்ணுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசைக் கழுவித் துடைத்து, தோலில் படாமல் துணி மேல் வைத்து, செல்போனில் ஒரு படம். நோட்டில் நான்கு சொல்: தேதி, வலி எவ்வளவு, காய்ச்சல், அன்று என்ன செய்தார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு நாளும் வேறு டாக்டர் பார்ப்பார். திங்களன்று பார்த்தவர் புதனன்று இருக்கமாட்டார். புண் வெட்டிய மறுநாளெல்லாம் பெருத்திருக்கிறது என்ற தொடர்ச்சி அவர்கள் யார் கண்ணுக்கும் தெரியாமல் போகலாம். உங்கள் செல்போனில் பத்துப் படங்கள் வரிசையாக இருந்தால் அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

கேட்பது எப்படி என்று தயங்குகிறவர்கள் இப்படிக் கேட்கலாம்: “சார், சுத்தம் பண்ண பண்ணப் பெருசாயிட்டே போவுது. ஊசி மாத்தியும் கேக்கல. வலி தாங்க முடியல. அடுத்த வாட்டி வெட்டறதுக்கு முன்னாடி தோல் டாக்டர் ஒருத்தர் பாக்கட்டுமா, சார்?” இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நல்ல மருத்துவர் இந்தக் கேள்வியை வரவேற்பார்.

முதலில் போக வேண்டியது அறுவை செய்த மருத்துவரிடம்தான். அது முடியாத தூரமென்றால் பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, பொன்னேரி அரசு மருத்துவமனை வழியாகப் பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எலும்பு மூட்டுத் துறையும் தோல் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கும் இடம்தான் இந்த நோய்க்குத் தோது. ராயபுரம் பக்கம் ஸ்டான்லி, சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை இரண்டும் அப்படிப்பட்டவை. பொன்னேரியிலிருந்து மின்சார ரயிலில் போகலாம் என்றாலும், மடக்க முடியாத காலோடு கூட்டத்தில் ஏறுவதைவிட நாலு வீடு சேர்ந்து ஒரு வண்டி பிடிப்பது நல்லது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை, டிஸ்சார்ஜ் சீட்டு, சீழ்ப் பரிசோதனை முடிவுகள் மூன்றையும் ஒரே உறையில் வையுங்கள். இந்தச் சிகிச்சை காப்பீட்டில் வருமா என்று அங்கேயே காப்பீட்டு உதவி மேசையில் கேட்டுவிடுங்கள்.

பத்தியமும் பூச்சும்

புண் ஆறாவிட்டால் வீட்டில் முதலில் கை வைப்பது சாப்பாட்டில். கருவாடு கரப்பான், இறால் கரப்பான், நண்டு கரப்பான், கத்தரிக்காய் கரப்பான் என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியில் நோயாளிக்கு ரசச் சோறுதான் மிஞ்சும். பெரியவர்களின் அக்கறையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இந்தப் புண் மீனால் வளர்வதில்லை. தோல் மறுபடி வளரப் புரதம் வேண்டும். ஏரியோரத்தில் இருந்துகொண்டு மடவையை மறுப்பது அநியாயம். எந்த மீன் எப்போதும் ஒத்துக்கொள்ளாதோ அதை மட்டும் விடுங்கள். கருவாட்டை உப்புக்காகக் குறையுங்கள், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் எப்படியும் குறைக்க வேண்டியதுதான்.

கொப்புளத்தைப் பார்த்து அக்கி என்று நினைத்துக் காவி எழுதச் சொல்வார்கள். திறந்த புண்ணில் மண் படக் கூடாது. மஞ்சள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், பொங்கி நுரைக்கும் பெராக்சைடு எதுவும் வேண்டாம். ஒட்டியிருக்கும் துணியைப் பிய்க்காதீர்கள். கடையில் கிடைக்கும் சலைன் பாட்டிலை ஊற்றி ஊறவைத்தால் தானாக விடும். கைப்பம்புத் தண்ணீர் உப்பாக இருக்கிறதே, அதுவும் சலைன்தானே என்று ஒருபோதும் நினைக்காதீர்கள். கழுவி, ஒட்டாத வலைத்துணி வைத்து, இறுக்காமல் கட்டுவதுதான் வீட்டு வேலை. சுரண்டாமல் இருப்பதுதான் இங்கே மருத்துவம்.

இது தொற்றாது. தட்டைப் பிரிக்க வேண்டாம், பேரப்பிள்ளையை விலக்க வேண்டாம்.

மருந்து

நோய் உறுதியானதும் வெள்ளையணுக்களை அடக்கும் மருந்து கொடுப்பார்கள். முதலில் வருவது பெரும்பாலும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, அல்லது சைக்ளோஸ்போரின். இரண்டையும் பிரிட்டனில் 121 நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2015இல் வெளியானது. இரண்டும் சமம் என்று தெரிந்தது. ஆறு மாதத்தில் இரு பக்கமும் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கே புண் முழுக்க ஆறியிருந்தது. இந்த எண்ணை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் மூன்றாம் வாரத்தில் “மருந்து கேட்கவில்லை” என்று நிறுத்திவிட்டு வேறிடம் ஓடுகிறவர்கள் உண்டு. இது மாதக்கணக்கில் ஆறும் புண். ஆனால் மருந்து பிடித்ததா என்பது முன்னதாகவே தெரியும். சில நாளில் வலி இறங்கும், ஊதா நிறம் மங்கும், ஓரம் படியும். கேட்காதவர்களுக்கு இன்ஃப்ளிக்சிமாப் ஊசி பயன்படும் என்று 2006இல் ஓர் ஆய்வு காட்டியது. அடாலிமுமாப் ஊசியை ஜப்பான் 2020இல் இந்த நோய்க்கென்றே அனுமதித்தது. மூட்டுக்குள் தொற்று இல்லையென்றால் வைத்த செயற்கை மூட்டைப் பெரும்பாலும் எடுக்க வேண்டியிருக்காது.

ஸ்டீராய்டு தொடங்கும் முன் டாக்டருக்குச் சொல்ல வேண்டியவை: முன்பு காசநோய் வந்ததா, வீட்டில் யாருக்காவது இருக்கிறதா, மஞ்சள் காமாலை வந்ததா, சர்க்கரை எவ்வளவு. இன்னொன்றும் உண்டு. ஈர மணலில் வெறுங்காலோடு நடப்பவர்களின் பாதம் வழியாக ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற நூல் போன்ற புழு குடலுக்குப் போய், ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். ஸ்டீராய்டு கொடுத்ததும் அது பெருகி உடல் முழுக்கப் பரவி உயிரையே எடுக்கலாம். “நாங்க மணல்ல செருப்பில்லாம நடக்கிறவங்க, புழு மருந்து தேவையா” என்று கேளுங்கள். நகரத்து மருத்துவருக்கு உங்கள் மணல் தெரிந்திருக்காது.

மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் ஸ்டீராய்டு மாத்திரையை வாங்கி விழுங்குவது மிக ஆபத்து. உள்ளே உண்மையிலேயே கிருமி இருந்தால் அது தடையில்லாமல் எலும்புக்குள் போய்விடும். டாக்டர் கொடுத்ததையும் திடீரென்று நிறுத்தக் கூடாது. படிப்படியாக அவர்தான் குறைப்பார். சர்க்கரை ஏறும், ஆகவே அளவு அடிக்கடி பார்க்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர் உங்கள் தெருவுக்கு வந்தால் ஸ்டீராய்டு எடுப்பதைச் சொல்லுங்கள். சர்க்கரை பார்ப்பதற்கும் வீட்டில் பிசியோதெரபிக்கும் அவர் வழி காட்டுவார்.

பிசியோதெரபியை முழுக்க விட்டால் முட்டி விறைத்துப்போகும். புண் நடு முட்டியில் இருக்கும்போது வேகமாக மடக்கினால் விளிம்பு கிழியும். எத்தனை டிகிரி வரை மடக்கலாம் என்று மூட்டு டாக்டரும் தோல் டாக்டரும் சேர்ந்து ஓர் எண் சொல்லட்டும். அந்த எண் வரும் வரை தொடைத் தசையை இறுக்கித் தளர்த்துவதையும் கணுக்காலை ஆட்டுவதையும் படுத்தபடியே செய்யுங்கள். அதற்குப் புண் தடையில்லை.

ஆறிய இடம் வழவழவென்று இருக்காது. வலைக்கண் போலக் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய தழும்பு விழும். அந்தத் தோல் எளிதில் கிழியும், அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முட்டிக்கு முன்

ஒரு முட்டி மாற்றியவருக்கு மறு முட்டியும் தேய்ந்திருப்பது சகஜம். பி.ஜி. ஒரு முறை வந்தவருக்கு அடுத்த அறுவையிலும் வரலாம், எல்லோருக்கும் வராது. முன்கூட்டியே தெரிந்தால் மருத்துவர் நோய் அடங்கிய நேரம் பார்த்து, மருந்துக் காப்போடு, தோலைக் குறைவாகக் குத்தும் தையல் போட்டுச் செய்ய முடியும். கண் அறுவை, பல் பிடுங்குதல், பிரசவம் எதுவானாலும் இது பொருந்தும்.

அதனால் ஒரு தபால் அட்டை அளவு காகிதத்தில் தெளிவாக எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, ரேஷன் கார்டோடு வையுங்கள். எழுத வேண்டியது இவ்வளவுதான்: “இவருக்கு மூட்டு மாற்றுக்குப் பின் பயோடெர்மா கேங்ரினோசம் வந்தது. வந்த தேதி. தோல் துணுக்குப் பரிசோதனை செய்த மருத்துவமனை. கேட்ட மருந்து, அளவு. காயம் பெருத்தால் தோல் மருத்துவர் பார்க்கும் முன் வெட்ட வேண்டாம்.” கீழே வீட்டில் யாராவது ஒருவருடைய செல் நம்பர். கடலுக்குப் போகிறவர் நம்பராக அது இருக்க வேண்டாம், கரையில் இருப்பவர் நம்பராக இருக்கட்டும்.